சித்திரைப் பதிவும் ஆவணிப் பதிவும்: சென்னையில் வீடு விற்கும் காலம்

வீடு விற்பதற்கு ஏற்ற பருவம் எது என்று தேடுகிறவர்களுக்குக் கிடைக்கும் அறிவுரைகளில் பெரும்பகுதி, குளிர்காலத்தில் பனி மூடிக் கிடந்து வசந்தத்தில் துளிர்க்கும் நாடுகளை மனத்தில் வைத்து எழுதப்பட்டது. தோட்டத்தில் புல் பச்சையாக இருக்கும் ஏப்ரல், மே மாதங்களில் விளம்பரம் கொடுத்து, கோடை விடுமுறை முடிந்து பள்ளி திறப்பதற்குள் வீட்டைக் கைமாற்றிவிட வேண்டும் என்பது அதன் சாரம். சென்னையில் மே என்பது அக்னி நட்சத்திரத்தின் மாதம்; இருந்த புல்லும் அப்போது காய்ந்திருக்கும்; பள்ளியோ ஜூனில் திறந்துவிடும். ஆகவே அந்த நாள்காட்டி இங்கே உதவாது. ஆனால் அதன் அடியில் இருக்கும் காரணம் இங்கும் செல்லுபடியாகிறது என்பதால், அதை மட்டும் முதலில் பிரித்தெடுத்துக்கொள்ளலாம்.

பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் வீட்டு விலையும் விற்பனை எண்ணிக்கையும் ஒவ்வோர் ஆண்டும் வசந்தத்திலும் கோடையிலும் ஏறி, குளிர்காலத்தில் இறங்குவதை ரேச்சல் ஙாய், சில்வானா டென்ரெய்ரோ என்ற இரு பொருளாதார அறிஞர்கள் 2014இல் ‘அமெரிக்கன் எகனாமிக் ரிவ்யூ’ இதழில் வெளிவந்த கட்டுரையில் ஆராய்ந்தார்கள். அவர்கள் தந்த விளக்கத்தை அடர்ந்த சந்தையின் விளைவு எனலாம்: வீடுகள் ஒன்றைப்போல் ஒன்று இருப்பதில்லை, வாங்குபவரின் தேவைகளும் அப்படியே, எனவே ஒரே நேரத்தில் எவ்வளவு அதிக வீடுகளும் வாங்குபவர்களும் சந்தையில் திரள்கிறார்களோ, அவ்வளவுக்கு ஒருவருக்கு மனத்துக்குப் பிடித்த வீடு அமையும் வாய்ப்பு கூடுகிறது, பிடித்த வீட்டுக்குச் சற்றுக் கூடுதலாகக் கொடுக்கவும் அவர் தயங்குவதில்லை. பள்ளி விடுமுறை போன்ற ஒரு சிறிய காரணம் முதலில் கொஞ்சம் பேரைத் திரட்டுகிறது. அந்தத் திரளைப் பார்த்து மற்றவர்களும் வந்து சேர, சிறிய காரணம் பெரிய பருவமாக வளர்ந்துவிடுகிறது.

சென்னையில் அந்த முதல் திரட்டலைச் செய்வது பஞ்சாங்கம். ஆனி, ஆடி, புரட்டாசி, மார்கழி, பங்குனி ஆகிய மாதங்களில் புதுமனை புகுவிழா நடத்துவதைப் பல குடும்பங்கள் தவிர்க்கின்றன. சித்திரை, வைகாசி, ஆவணி, ஐப்பசி, கார்த்திகை, தை ஆகியவை ஏற்கப்படும் மாதங்கள். மாசியில் குடும்பத்துக்குக் குடும்பம் வழக்கம் வேறுபடும். இந்தப் பகுப்பு சாத்திரத்தோடு முழுவதும் ஒத்துப்போவதும் இல்லை. வாஸ்து புருஷன் கண்விழிக்கும் நாட்கள் என்று பஞ்சாங்கங்கள் குறிக்கும் எட்டு நாட்களில் ஆடி 11ஆம் நாளும் ஒன்று. அன்று மனை பூஜை போட்டு வீடு கட்டத் தொடங்கத் தடையில்லை. கட்டத் தொடங்கலாம், குடிபோகக் கூடாது என்ற இந்த நுணுக்கம் வழக்கத்தில் கரைந்துபோய், ஆடி என்றாலே வீடு தொடர்பான எதையும் செய்யக்கூடாத மாதம் என்ற எண்ணம் நிலைத்துவிட்டது. ஆடி விதைப்பின் மாதம், தை அறுவடையின் மாதம் என்பதையும் இங்கே சேர்த்துப் பார்க்கலாம். நிலத்தில் பணத்தைப் போட்டுவிட்டுக் கையை வீசிக்கொண்டு நிற்கும் குடும்பம் ஆடியில் வீடு வாங்கப் புறப்படாது என்பதை விளக்கச் சாத்திரம் தேவைப்படுவதில்லை.

இந்த வழக்கத்தின் வலுவைச் சார்பதிவாளர் அலுவலகத்தில் காணலாம். வில்லை என்று பதிவுத்துறை குறிப்பிடும் முன்பதிவுச் சீட்டு வழக்கமாக ஒரு சார்பதிவாளர் உள்ள அலுவலகத்துக்கு நாளொன்றுக்கு 100 என்றும், இருவர் உள்ள அலுவலகத்துக்கு 200 என்றும் ஒதுக்கப்படும். மங்கல நாட்களில் அதை முறையே 150 என்றும் 300 என்றும் உயர்த்தி அறிவிப்பு வெளியிடுவது அண்மை ஆண்டுகளில் துறையின் வாடிக்கையாகிவிட்டது. சித்திரை முதல் நாள், ஆடிப்பெருக்கு, தைப்பூசம் போன்றவை விடுமுறையில் வந்தாலும் கூடுதல் கட்டணம் பெற்றுக்கொண்டு அலுவலகத்தைத் திறந்துவைக்கும் ஏற்பாடும் வந்திருக்கிறது. ஆடி மாதம் முழுவதும் ஒதுங்கியிருப்பவர்கள் ஆடி 18 அன்று மட்டும் வரிசையில் நிற்பது வெளியூர்க்காரருக்கு விந்தையாகத் தோன்றலாம். பெருகும் நீரோடு சேர்ந்த நாள் என்பதால் அதற்கு விலக்கு உண்டு. அந்த நாளிலும் இராகுகாலம், எமகண்டம் தவிர்த்த நேரத்து வில்லைக்குத்தான் போட்டி.

பஞ்சாங்கத்தில் நம்பிக்கையில்லாத விற்பனையாளர் இதையெல்லாம் பொருட்படுத்த வேண்டுமா என்று கேட்கலாம். வேண்டும், காரணம், நம்பிக்கை அவருடையதாக இருக்கத் தேவையில்லை, வாங்குபவருடையதாக இருந்தால் போதும். வாங்குபவர்கள் திரளும் மாதங்களில் தாமும் சந்தையில் இருப்பதன் பயனே அடர்ந்த சந்தையின் பயன். அதே வேளையில், ஆடியிலும் மார்கழியிலும் வீடு பார்க்க வருகிறவர்கள் குறைவானவர்களே ஆயினும் பொழுதுபோக்குக்காக வருபவர்கள் அல்லர். நாள் பார்க்காத குடும்பத்தினர், பணிமாற்றத்தில் அவசரமாக வந்தவர்கள், ஆளில்லாத நேரத்தில் விலையை இறக்கிப் பேசலாம் என்று கணக்குப் போடுபவர்கள் ஆகிய மூவகையினர் அப்போது வருவார்கள். மூன்றாம் வகையினரை இனங்கண்டு பொறுமையாகப் பேசத் தெரிந்தவருக்கு ஆடி முழுக்க வீணான மாதம் அன்று.

இவ்வளவு சொன்ன பிறகும், ‘தையில் விற்கலாம்’ என்று முடிவெடுப்பது பொருளற்றது. ஏனெனில் விற்பனை என்பது ஒரே நாளில் நிகழும் செயல் அன்று; அதில் குறைந்தது நான்கு தேதிகள் இருக்கின்றன. வாங்குபவர் முதன்முதலில் வீட்டைப் பார்க்கும் நாள், முன்பணம் கொடுத்துக் கிரய ஒப்பந்தம் போடும் நாள், கிரயப் பத்திரம் பதிவாகும் நாள், அவர் பால் காய்ச்சிக் குடிபுகும் நாள் என்ற இந்த நான்கில் பஞ்சாங்கம் கடுமையாக ஆள்வது பின்னிரண்டைத்தான். ஒப்பந்தத்தை நல்ல நாளும் நல்ல நேரமும் பார்த்து எழுதிக்கொள்வார்களே தவிர, மாதத்துக்காகப் பெரும்பாலும் காத்திருப்பதில்லை. வீடு பார்ப்பதற்கோ எந்தத் தடையும் இல்லை. ஒப்பந்தத்தில் மூன்று மாதக் காலக்கெடு எழுதுவது பரவலான வழக்கம். அந்த இடைவெளியில் வங்கியின் வழக்கறிஞர் ஆவணங்களைப் பார்த்துக் கருத்துரை கொடுப்பார், மதிப்பீட்டாளர் வந்து அளப்பார், கடன் அனுமதியாகும். எனவே விற்பவர் பதிவு நாளை முதலில் நிலைநிறுத்திக்கொண்டு, அங்கிருந்து பின்னோக்கி எண்ணி வர வேண்டும்.

அப்படி எண்ணிப் பார்த்தால் சென்னையில் இரண்டு வாயில்கள் தெளிவாகத் தெரிகின்றன. ஒன்று, ஏப்ரல் 14இல் பிறக்கும் சித்திரை. சித்திரையில் பதிவு செய்தால் வாங்குபவர் வைகாசிக்குள் குடிபுகுந்து, ஜூனில் பிள்ளையைப் புதுப் பள்ளியில் சேர்த்துவிடலாம். தனியார் பள்ளிகள் பலவற்றில் சேர்க்கைப் பேச்சு ஆண்டுத் தொடக்கத்திலேயே ஆரம்பமாகிவிடுவதால், எந்த வட்டாரத்தில் குடியிருக்கப்போகிறோம் என்பதைக் குடும்பங்கள் தையிலும் மாசியிலும் தீர்மானிக்கத் துடிக்கின்றன. ஆகவே ஒப்பந்தம் தையில் அமைய வேண்டும். அதற்கு வீட்டைக் கார்த்திகையிலிருந்தே காட்டத் தொடங்க வேண்டும். மற்றொன்று ஆவணி. ஆடி முடிந்ததும் அடக்கிவைத்திருந்த பதிவுகள் எல்லாம் ஆவணியில் வந்து குவிகின்றன. அதற்கான ஒப்பந்தம் ஆனியில் அமைந்தால், பெரும்பாலோர் பதிவுக்குப் போகாத ஆடி மாதத்தை வங்கி வேலைகளுக்கு முழுவதும் பயன்படுத்திக்கொள்ளலாம். வீட்டைக் காட்டும் காலம் சித்திரையும் வைகாசியும்.

இந்த இரண்டில் எதைத் தேர்ந்தெடுப்பது என்பதில்தான் பொதுவான அறிவுரைகள் கைவிடுகின்றன. சந்தையைப் பார்த்து விடை சொல்ல முயல்வதே அவற்றின் குறை. எந்த வீடு என்பதைப் பார்த்துத்தான் விடை சொல்ல முடியும். சென்னையில் வீடு வாங்க வருகிறவர் மனத்தில் இரண்டு அச்சங்கள் எப்போதும் இருக்கின்றன: மழையில் தண்ணீர் நிற்குமா, கோடையில் தண்ணீர் கிடைக்குமா. ஒவ்வொரு வீட்டுக்கும் இந்த இரண்டில் ஒன்றிலாவது சொல்லிக்கொள்ளும்படியான பலம் இருக்கும். அந்தப் பலம் கண்ணுக்குத் தெரியும் மாதமே அந்த வீட்டின் பருவம்.

முதல் அச்சத்தின் வரலாறு அண்மையது. ஓராண்டில் ஏறத்தாழ 1,400 மில்லிமீட்டர் மழை பெறும் சென்னைக்கு அதில் பாதிக்கு மேல் அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான வடகிழக்குப் பருவமழையில் கிடைக்கிறது. 2015 டிசம்பர் முதல் வாரத்தில் அடையாறு பெருகியபோது முடிச்சூர், வரதராஜபுரம், ஜாபர்கான்பேட்டை, கோட்டூர்புரம் ஆகிய பகுதிகளில் வீடுகள் மூழ்கின. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது வேளச்சேரி, பள்ளிக்கரணை, பெரும்பாக்கம் வட்டாரங்கள் நாட்கணக்கில் நீரில் நின்றன. அதன் பிறகு, தரகரிடம் வாங்குபவர் கேட்கும் முதல் கேள்விகளில் ஒன்று ‘தண்ணி நிக்குமா சார்?’ என்பதாகிவிட்டது. இந்தக் கேள்விக்குப் பங்குனியில் சொல்லும் எந்த விடையும் வாய்ச்சொல்தான். ஐப்பசி, கார்த்திகையில் இரவெல்லாம் அடித்த மழைக்கு மறுநாள் காலை, தெரு காய்ந்து, வாசற்படி உலர்ந்து, கார் நிறுத்துமிடத்தில் சேறில்லாமல் இருக்கும் வீட்டை நேரில் காட்டுவதற்கு இணையான விளம்பரம் இல்லை. மேட்டுப் பகுதியில் வீடு வைத்திருப்பவர்கள் பெரும்பாலும் இந்த வாய்ப்பை வீணடிக்கிறார்கள். மழை விடட்டும், சுவருக்கு வெள்ளையடித்துவிட்டுக் காட்டலாம் என்று தை வரை தள்ளிப்போட்டு, தங்கள் வீட்டுக்கும் பள்ளத்திலிருக்கும் வீட்டுக்கும் வேறுபாடு தெரியாத மாதத்தில் சந்தைக்கு வருகிறார்கள். மேட்டு வீட்டைக் கார்த்திகையில் காட்டுவது, மேலே எண்ணிப் பார்த்த சித்திரைப் பதிவுக்கான காலக்கணக்கோடும் ஒத்துப்போகிறது.

மழையில் காட்டும்போது பார்க்க வேண்டியவை கொஞ்சம் உண்டு. மொட்டைமாடியில் தட்டோடு பதித்த தளத்தில் விரிசல் இருந்தால் கூரையின் உட்புறத்தில் ஈரத்திட்டு தெரியும். கைப்பிடிச் சுவரும் தளமும் சேரும் மூலையில் ஒழுகும். சன்னலின் மேற்புறத்து வெயில் மறைப்பில் நீர் தேங்கும். இவற்றை ஆவணியிலேயே சரிசெய்துவிட வேண்டும், ஏனெனில் ஈரச்சுவரில் அடித்த வண்ணம் இரண்டு வாரத்தில் உப்பிவிடும். புதுவண்ணம் உப்பியிருக்கும் சுவர், எதையோ மறைக்கிறார்கள் என்ற ஐயத்தைத்தான் பழைய சுவரைவிட அதிகமாகக் கிளப்பும்.

இரண்டாம் அச்சம் பழையது. ஆனால் 2019 அதற்குப் புது உருவம் கொடுத்தது. அந்த ஆண்டு ஜூன் மாதத்தில் பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் ஆகிய நான்கு ஏரிகளும் ஏறக்குறைய வறண்டுபோய், ஜூலையில் ஜோலார்பேட்டையிலிருந்து வில்லிவாக்கத்துக்கு இரயிலில் குடிநீர் கொண்டுவரப்பட்டது. பழைய மாமல்லபுரம் சாலையையொட்டிய அடுக்குமாடிகளில் லாரித் தண்ணீருக்கான செலவு மாதப் பராமரிப்புக் கட்டணத்தையே மாற்றி எழுதியது. திருவான்மியூர் முதல் முட்டுக்காடு வரையிலான மணற்பாங்கான கடற்கரைப் பட்டையிலோ நல்ல ஊற்றுள்ள கிணறுகள் அப்போதும் பலவிடங்களில் கைகொடுத்தன. கிணற்றில் நல்ல நீர் இருக்கும் வீட்டை மார்கழியில் காட்டுவதில் பெருமை இல்லை. மழைக்குப் பின் எல்லாக் கிணற்றிலும்தான் நீர் இருக்கும். அதே கிணற்றை வைகாசி வெயிலில் எட்டிப் பார்க்கச் செய்து, மோட்டாரை ஓடவிட்டு, ஒரு குவளை நீரைக் குடித்துப் பார்க்கச் சொல்லும்போது வாங்குபவர் பேச்சை மறந்து கணக்குப் போடத் தொடங்குவார். இத்தகைய வீடு ஆவணிப் பதிவுக்கு உரியது. தமிழ்நாட்டில் மழைநீர் சேகரிப்பு 2003இல் கட்டாயமாக்கப்பட்டபோது போட்ட குழிகள் பல வீடுகளில் மண் மூடிக் கிடக்கின்றன. அதைத் தூர்வாரி வைப்பதற்கும் சித்திரைதான் நேரம்.

கடற்காற்றுக்கும் இதே அளவுகோலைப் பொருத்தலாம். தெற்கிலும் கிழக்கிலும் திறப்புள்ள கூடத்தின் அருமை தை மாதத்தில் யாருக்கும் தெரியாது. வைகாசியில் பிற்பகல் காற்று திரும்பிய பிறகு அந்தக் கூடத்தில் உட்கார வைத்தால் சொல்லாமலே தெரியும். மாறாக, மேற்குச் சுவர் முழுவதும் வெயிலில் வேகும் படுக்கையறை உள்ள வீட்டை வைகாசி மாலையில் காட்டுவது தற்கொலைக்கு ஒப்பானது. அதற்குத் தைதான் தோழன். இப்படிச் சொல்வது ஏமாற்றைக் கற்றுக்கொடுப்பதாகாதா என்றால், ஆகாது என்பதே சரி. குறையைக் கேட்டால் மறைக்காமல் சொல்வது ஒன்று, குறை மிகுந்து தெரியும் நேரத்தை விற்பனையாளரே தேர்ந்தெடுத்துக்கொள்வது வேறு. தண்ணீர் நின்ற வீட்டைப் பொறுத்தவரை மட்டும் இந்த வேறுபாடு எடுபடாது: 2015இல் எத்தனை அடி நீர் வந்தது என்று எதிர்வீட்டுக்காரர் வாங்குபவரிடம் சொல்லப்போகிறார், அதை விற்பவர் முந்திக்கொண்டு சொல்லி, விலையிலும் அதைக் காட்டிவிடுவதே பேரம் பாதியில் முறியாமல் காக்கும்.

கட்டடத்துக்காக அல்லாமல் மனைக்காக வாங்கப்படும் பழைய தனி வீடுகள் இந்தக் கணக்குக்குள் வருவதில்லை. மயிலாப்பூரிலோ தியாகராய நகரிலோ ஒரு கிரவுண்டு, அதாவது 2,400 சதுர அடி, மனையில் நிற்கும் ஐம்பதாண்டு வீட்டைக் கட்டுமான நிறுவனம் வாங்கும்போது, அது பார்ப்பது சாலையின் அகலத்தையும், தளப்பரப்புக் குறியீட்டையும். மனையின் பரப்பைப்போல் எத்தனை மடங்கு கட்டடப் பரப்பு எழுப்பலாம் என்பதைச் சொல்லும் இந்தக் குறியீடு, உயரம் குறைந்த கட்டடங்களுக்கு 2019ஆம் ஆண்டுக் கட்டட விதிகளில் 2 என்று உயர்த்தப்பட்டது. கூரை ஒழுகுகிறதா, கிணற்றில் நீர் இருக்கிறதா என்று அந்த நிறுவனம் கேட்காது, எப்படியும் இடிக்கப்போகிறது.

பருவத்தைத் தவறவிடுகிறவர்களில் பெரும்பாலோர் மாதத்தைத் தவறாகத் தேர்ந்தவர்கள் அல்லர். நல்ல மாதத்தில் வாங்குபவர் வந்து நின்றபோது ஆவணங்கள் தயாராக இல்லாதவர்கள். தாய்ப்பத்திரம் எனப்படும் முந்தைய உரிமையாளரின் மூல ஆவணம், சொத்தின் மீது அடமானமோ வேறு பரிவர்த்தனையோ பதிவாகியிருக்கிறதா என்று காட்டும் வில்லங்கச் சான்று, வருவாய்த்துறைப் பதிவேட்டில் நிலம் யார் பெயரில் இருக்கிறது என்று காட்டும் பட்டா, கட்டட அனுமதி வரைபடம், சொத்துவரி ரசீது ஆகியவற்றில் ஒன்றில் பெயரெழுத்து மாறியிருந்தாலும் வங்கி வழக்கறிஞர் நிறுத்திவைப்பார். பட்டா இன்னும் இறந்துபோன தாத்தா பெயரில் இருப்பது சென்னையில் அரிய செய்தி அன்று. சித்திரைப் பதிவை நாடுபவர் இவற்றைச் சரிசெய்யத் தொடங்க வேண்டியது முந்தைய ஆடியில். வேறு எதற்கும் உதவாத மாதம் என்று ஒதுக்கப்படும் ஆடி, தாலுகா அலுவலகத்துக்கு நடக்க மிகவும் ஏற்றது.

பெற்றோர் மறைவுக்குப் பின் விற்கப்படும் வீடுகளுக்கு இன்னொரு காலக்கணக்கு உண்டு. ஆண்டுத் திதி முடியும் வரை வீட்டை விற்கும் பேச்சை எடுக்காத குடும்பங்கள் பல. வாரிசுச் சான்றில் பெயருள்ள எல்லாரும் கையெழுத்திட வேண்டும். மகள்களுக்கும் சம உரிமை என்பதைத் தமிழ்நாடு 1989லேயே சட்டமாக்கியது, ஆயினும் ‘அவ கையெழுத்து எதுக்கு?’ என்று கேட்கும் அண்ணன்கள் இன்னும் இருக்கிறார்கள். அந்தத் தங்கையின் கையெழுத்தில்லாமல் எழுதிய பத்திரத்தை எந்த வங்கியும் தொடாது. உடன்பிறந்தவர்களில் ஒருவர் நியூஜெர்சியிலும் இன்னொருவர் சிட்னியிலும் இருந்தால், அனைவரும் ஊரில் கூடுவது கிறிஸ்துமஸ் விடுமுறையில், அதாவது சபாக்களில் கச்சேரி நடக்கும் மார்கழியில். வாங்குபவர் பதிவுக்கு மறுக்கும் மாதமும் அதுவே. தை பிறப்பதற்கு முன்பே விடுமுறை முடிந்து விமானம் ஏறிவிடுவார்கள். இந்த முரண்பாட்டால் ஆண்டுக்கணக்கில் பூட்டிக் கிடக்கும் வீடுகள் அடையாற்றிலும் அண்ணா நகரிலும் உண்டு. இதற்குள்ள வழி பொது அதிகார ஆவணம்: உடன்பிறந்தவர் ஒருவருக்கோ நம்பத்தக்க உறவினருக்கோ தம் சார்பில் கையெழுத்திடும் அதிகாரத்தைக் கொடுக்கும் அந்தப் பத்திரத்தை, மார்கழியில் ஊரில் இருக்கும்போதே சார்பதிவாளர் அலுவலகத்தில் எழுதிப் பதிந்துவிட்டுப் போகலாம். வெளிநாட்டிலேயே இந்தியத் தூதரகத்தில் சான்றுபெற்று அனுப்பினால், இந்தியாவுக்கு வந்து சேர்ந்த மூன்று மாதத்துக்குள் இங்கே அதற்கு முத்திரைத் தீர்வை செலுத்த வேண்டும்.

வெளிநாடுவாழ் இந்தியர் வீடு விற்கும்போது வரிப்பிடித்தமும் காலத்தைத் தின்னும். இங்கேயே வசிப்பவரின் வீடு 50 லட்சம் ரூபாயோ அதற்கு மேலோ விலைபோனால் வாங்குபவர் 1 சதவீதம் பிடித்து வருமான வரித்துறைக்குச் செலுத்தினால் போதும். வெளிநாட்டில் வசிப்பவர் என்றால் மூலதன ஆதாய வரி விகிதத்திலேயே, அதுவும் பெரும்பாலும் முழு விற்பனைத் தொகை மீதே, பிடிக்க வேண்டியிருக்கும். உண்மையான ஆதாயத்துக்கு மட்டும் குறைத்துப் பிடிக்கும்படி வரித்துறையிடம் சான்றிதழ் பெறலாம். அதற்கு வாரங்கள் ஆகும் என்பதால், ஒப்பந்தம் போட்ட உடனே விண்ணப்பித்தால்தான் பதிவு நாளுக்குள் கைக்கு வரும்.

இங்கே வசிப்பவருக்கும் வரி நாள்காட்டி முக்கியமானது, அது சித்திரையின் பக்கமே சாய்கிறது. 24 மாதங்களுக்கு மேல் வைத்திருந்த வீட்டை விற்றுக் கிடைக்கும் இலாபம் நீண்டகால மூலதன ஆதாயம். வேறொரு வீட்டை இரண்டு ஆண்டுக்குள் வாங்கினாலோ மூன்று ஆண்டுக்குள் கட்டினாலோ அதற்கு விலக்கு உண்டு. ஆனால் வருமான வரிக் கணக்கைத் தாக்கல் செய்ய வேண்டிய கடைசி நாளுக்குள் செலவழிக்காத தொகையை, மூலதன ஆதாயத்துக்கென்று வங்கிகளில் உள்ள தனிக் கணக்கில் போட்டுவிட வேண்டும். சம்பளக்காரருக்கும் ஓய்வூதியருக்கும் அந்தக் கடைசி நாள் பொதுவாக ஜூலை 31. பங்குனியில், மார்ச் 25இல் விற்றவருக்கு அதே ஆண்டு ஜூலை வரை நான்கே மாதம். சித்திரையில், ஏப்ரல் 20இல் விற்றவருக்கு மறு ஆண்டு ஜூலை வரை பதினைந்து மாதங்களுக்கு மேல். சில வார வேறுபாட்டில் ஓராண்டு அவகாசம் கிடைக்கிறது.

2024 ஜூலை 23க்கு முன் வாங்கிய வீட்டுக்கு, பணவீக்கத்தைக் கழிக்காமல் 12.5 சதவீத வரி, கழித்துக்கொண்டு 20 சதவீத வரி என்ற இரண்டில் குறைவானதை இங்கே வசிப்பவர்கள் தேர்ந்தெடுக்கலாம். இரண்டாம் வழியில், வாங்கிய விலையைப் பெருக்கிக் காட்டும் பணவீக்கக் குறியீடு விற்ற நிதியாண்டைப் பொறுத்தது: 2024-25க்கு அது 363, 2025-26க்கு 376. ஆகவே 2025 மார்ச்சில் விற்றவரைவிட ஏப்ரலில் விற்றவருக்கு அடக்கவிலை சற்று உயர்ந்து, ஆதாயம் அந்த அளவுக்குக் குறைந்தது. பஞ்சாங்கம் பங்குனியைத் தள்ளிவைப்பதும், வரிச்சட்டம் ஏப்ரலை விரும்புவதும் தற்செயலாக ஒன்று சேர்ந்த இடம் இது. ஆனால் ஒரு கண்ணி உண்டு: ஒப்பந்தத்தின்பேரில் வீட்டை ஒப்படைத்துவிட்டால், பத்திரம் பின்னர் பதிவானாலும் சொத்து அன்றே கைமாறியதாக வரிச்சட்டம் கருத இடமிருக்கிறது. எனவே வெள்ளையடிக்க வேண்டும் என்று வாங்குபவர் மார்ச்சில் சாவி கேட்டால், புன்னகையோடு ஏப்ரல் வரை பொறுக்கச் சொல்ல வேண்டும்.

வரிக்காகப் பருவம் பார்க்கும் பழைய உத்தி ஒன்று இப்போது காலாவதியாகிவிட்டது. ஆதாயத்தை ஆறு மாதத்துக்குள் குறிப்பிட்ட பொதுத்துறைக் கடன்பத்திரங்களில் போட்டால் வரிவிலக்கு, நிதியாண்டுக்கு 50 லட்சம் வரை என்று இருந்தபோது, அக்டோபருக்குப் பின் விற்று, மார்ச் முடிவதற்குள் 50 லட்சம், ஏப்ரலில் இன்னொரு 50 லட்சம் என்று இரண்டு ஆண்டுகளில் பிரித்துப் போட்டார்கள். 2014இல் சட்டத்தைத் திருத்தி, இரண்டு ஆண்டும் சேர்த்து 50 லட்சம்தான் என்று அடைத்துவிட்டார்கள். ஐப்பசிக்குப் பின் விற்றால் வரி மிச்சம் என்று இன்றும் சொல்லும் பெரியவர்கள் அந்தக் காலத்தை நினைவில் வைத்திருப்பவர்கள்.

அரசு அறிவிப்புகள் இந்தப் பருவங்களையெல்லாம் ஒரே நாளில் கலைத்துப்போடக்கூடியவை. பதிவுக்கு அரசு நிர்ணயிக்கும் குறைந்தபட்ச மதிப்பான வழிகாட்டி மதிப்பு 2017 ஜூனில் 33 சதவீதம் குறைக்கப்பட்டு, பதிவுக் கட்டணம் 1 சதவீதத்திலிருந்து 4 ஆனது. 2023 ஏப்ரலில் மதிப்பு மீண்டும் ஏற்றப்பட்டு, கட்டணம் 2 ஆக இறங்கியது. முத்திரைத் தீர்வையும் சேர்த்து வாங்குபவர் தலையில் விழுவது 9 சதவீதம். மதிப்பு ஏறப்போகிறது என்ற செய்தி பரவினால் பங்குனியிலும் பதிவுக்கு வரிசை நிற்கும். நிதிநிலை அறிக்கைக்கு முந்தைய வாரங்களில் செய்தித்தாள் படிப்பது விற்பனையாளருக்கு நல்ல பழக்கம்.

இரண்டு வாயில்களையும் தவறவிட்டவர் விலையைக் குறைத்துக்கொண்டே போவதைவிட, விளம்பரத்தை நிறுத்தி வீட்டை வாடகைக்கு விட்டுவிட்டு அடுத்த பருவத்துக்குத் திரும்புவது பெரும்பாலும் மேல். ஓராண்டாக இணையத்தில் கிடக்கும் விளம்பரத்தைப் பார்க்கும் எவரும் வீட்டில் ஏதோ குறையிருக்கிறது என்றே முடிவு கட்டுவார். வழக்கமான பதினொரு மாத ஒப்பந்தத்தைத் தேதி பார்க்காமல் எழுதினால், வீட்டைக் காட்ட வேண்டிய மாதத்தில் குடியிருப்பவர் பாத்திரமும் துணியுமாக நடுக்கூடத்தில் இருப்பார். மேட்டு வீடு என்றால் ஐப்பசிக்கு முன்பும், கிணற்று வீடு என்றால் சித்திரைக்கு முன்பும் முடியும்படி காலத்தைச் சுருக்கியோ நீட்டியோ எழுத வேண்டும். வாங்குபவரை முன்னறிவிப்போடு அழைத்துவர உரிமை, இரண்டு மாத அறிவிப்பில் காலி செய்தல் ஆகிய இரண்டையும் சேர்க்க வேண்டும். 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த வாடகைச் சட்டத்தின்படி அந்த ஒப்பந்தத்தை வாடகை அதிகார அமைப்பிடம் பதிவு செய்து எண் பெற்றுக்கொள்வதும் அவசியம்.